கேயாசி வைத்த தடி



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, வேதபாட வகுப்பு முடிந்து ஆலயத்தின் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் குருமனைக்கு வந்தார்கள். மகள் ஆற்றுப்படுத்துதல் உளவியலில் முதுநிலைப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நாம் பேச்சுவழக்கில் கவுன்சலிங் என்கிறோமே, அந்தப் படிப்பு. திடப்படுத்தலுக்கு நானே ஆயத்தப்படுத்திய பிள்ளை. படிப்பின் ஒரு பகுதியாக, ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் சிகிச்சை பெறும் இடத்தில், அவள் மூன்று மாதங்கள் பயிற்சி பெறவேண்டும். அதற்காக என்னிடம் ஒரு நன்னடத்தைச் சான்று கேட்டு வந்திருந்தாள்.

தாய் வந்ததோ வேறு காரியமாக. மகள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில், "ஐயா, நீங்க சொன்னா கேப்பா. அந்த இடத்துக்குப் போகவேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க. நாளைக்கு ஒரு வரன் வந்தா, பொண்ணு எங்க வேலை பாத்தான்னு கேப்பாங்கல்ல? நான் என்னத்தச் சொல்ல?" என்றார்கள். சற்று நிறுத்தி, "சபையில யாருக்கும் இது தெரியவேண்டாம் ஐயா" என்றும் சொன்னார்கள்.

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். தாயின் பேச்சுக்காகத்தான் தயங்குகிறேன் என்று மகள் நினைத்திருப்பாள். அவள் முகம் வாடியதைக் கண்டேன். என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. அதைத்தான் இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். இதில் வருகிற மூவரிடமும் முன்னதாக அனுமதி பெற்றிருக்கிறேன். அவர்களில் ஒருவர், ஊரையும் ஆண்டையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே செய்கிறேன்.

முதலில் என் சொந்தப் பயிற்சியைக் குறித்துச் சொல்லவேண்டும். 1995 ஆம் ஆண்டு, இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில் எங்களை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மருத்துவமனை மேய்ப்புப் பணிப் பயிற்சி என்று அதற்குப் பெயர். காலையில் நோயாளிகளைச் சந்திக்கவேண்டும். மாலையில், நடந்த உரையாடல் ஒன்றை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். அவர் சொன்னது, நான் சொன்னது, இடையில் இருந்த மௌனம், அப்போது என் உள்ளத்தில் ஓடியது எல்லாம் அதில் இருக்கவேண்டும். மறுநாள் அதை மேற்பார்வையாளரான ஒரு மூத்த போதகருக்கு முன்பாக வாசிக்கவேண்டும்.

இந்தப் பயிற்சி முறையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920 இல் அவருக்கே கடுமையான மனநோய் வந்து, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். சுகம் பெற்று வெளியே வந்தவர், அந்த உலகத்தை மறந்துவிட விரும்பவில்லை. 1924 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டுக் கோடையில் ஒரு சில இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்தார். அவர்கள் அங்கே பிரசங்கம் செய்ய வரவில்லை. வார்டுகளில் உதவியாளராக வேலை செய்தார்கள். நூல்களைக் கற்பதுபோலவே துன்பப்படும் மனிதரையும் பொறுமையாக வாசித்துக் கற்கவேண்டும் என்பது பாய்சனின் எண்ணம். அவருக்குப் பின்னாளிலும் அந்த நோய் திரும்ப வந்தது. ஆயினும் அவர் பணியை விடவில்லை. போதகர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி ஒரு நோயாளியைக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினார் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

என் கதைக்கு வருகிறேன். விபத்தில் ஒரு காலை இழந்த பத்தொன்பது வயது இளைஞனை நான் சந்தித்தேன். அவன் கூரையைப் பார்த்தபடி, "எங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்றான். நான் உடனே, "தம்பி, ஜெபம் பண்ணலாமா?" என்றேன். ஜெபித்தேன். நல்ல ஜெபந்தான். மறுநாள் என் தாளை வாசித்த மேற்பார்வையாளர், அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடிட்டு, "இந்த ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஜெபத்தையே கேள்வி கேட்கிறாரே என்று, அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. மூன்று நாட்கள் கழித்தே அதன் பொருள் விளங்கியது. தாயைப் பற்றிப் பேச அவன் வாய் திறந்த நேரத்தில், அதைக் கேட்கும் பெலன் எனக்கு இல்லாதிருந்தது. ஆகவே நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கற்றுக்கொண்டேன் என்று எண்ணினேன். பட்டம் பெற்றேன், அபிஷேகம் பெற்றேன், சேகரங்கள் மாறின. அந்தக் கோடைக்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அங்கி அணிந்தவரிடம் யார் கேட்பார்கள்?

முந்தைய ஒரு சேகரத்தில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஒரு தகப்பனார் பதினாறு வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் இராத்திரி தூங்குவதில்லை, பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான், வாலிபர் கூட்டத்துக்கும் வருவதில்லை என்றார். என் அறைக்கு வெளியே திருமண ஓலை வாசிப்பதைக் குறித்துப் பேச இரண்டு குடும்பத்தார் காத்திருந்தார்கள். நான் பையனின் தலையில் கைவைத்து ஜெபித்தேன். தினந்தோறும் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னேன். மேசையிலிருந்த வசன அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தகப்பனாரிடம், "பயப்படாதீங்க, வயசுக் கோளாறு, சரியாயிரும்" என்றேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும். பையன் முழு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஆறு வாரங்கள் கழித்து, அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான் என்று தொலைபேசி வந்தது. கர்த்தருடைய பெரிதான இரக்கத்தினால் பிழைத்துக்கொண்டான்.

நான் மருத்துவமனைக்கு ஓடினேன். தகப்பனார் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐயா, சபையில வயித்து நோவுன்னு சொல்லிருங்க. போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று அழுதார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்நாளில் தற்கொலைக்கு முயல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவின்படி குற்றம். துன்பம் தாங்காமல் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடவேண்டிய நேரத்தில், அவன்மேல் வழக்கு வருமோ என்று பெற்றோர் நடுங்கவேண்டியிருந்தது. (2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. இன்னும் பல குடும்பங்களுக்கு இது தெரியாது.) அந்த ஞாயிறு ஆராதனையின் விண்ணப்ப ஜெபத்தில், வயிற்று நோயால் வருந்தும் ஒரு வாலிபனுக்காக என்று நான் சொன்னேன். ஆலயத்தில் நின்று, கண்ணை மூடி, தேவனுக்கு முன்பாகச் சொன்னேன்.

மறுநாள் மறுபடியும் போனேன். பையனின் அறை வாசலில் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் பயிற்சி மாணவி என்ற அட்டை. நான் யார் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்த் திரும்பி வந்து, "ஐயா, மன்னிக்கணும். இன்னைக்கு வேண்டாம்னு சொல்றான்" என்றாள். ஏன், என்ன சொன்னான் என்று கேட்டேன். "அத நான் சொல்லக்கூடாது ஐயா" என்றாள். எனக்கு மறுபடியும் 1995 இன் கோபம் வந்தது. இருபது ஆண்டுகள் ஊழியம் செய்தவனை ஒரு மாணவி வாசலில் நிறுத்துகிறாளே! வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல், நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கதவில் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவர்கள் இருவரையும் பார்த்தேன். அவள் நாற்காலியைப் பையனுக்கு எதிராகப் போடாமல், கட்டிலுக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏறக்குறைய அரைமணி நேரம். பாதி நேரத்துக்குமேல் இருவரும் பேசவேயில்லை. அவள் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கைப்பேசியையும் எடுக்கவில்லை. ஒருமுறை அவன் ஏதோ சொன்னான். அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். யோபுவின் சிநேகிதர் மூவரும் வாய் திறப்பதற்கு முன் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்த ஒரே நல்ல ஊழியம் அதுதான் என்று பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் பையன் என்னை உள்ளே வரச்சொன்னான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "ஐயா, அன்னைக்கு நீங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

உண்மைதான். தகப்பனாரிடம் கேட்டேன். தேவனிடம் பேசினேன். அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

இரண்டாம் இராஜாக்களின் புத்தகம் நான்காம் அதிகாரத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்தேன். சூனேமியாளின் மகன் வயலில் தலை நோகிறது என்று சொன்னபோது, தகப்பன் அவனைத் தாயிடம் கொண்டுபோகச் சொன்னதோடு சரி. பிள்ளை தாயின் மடியில் இறந்துபோகிறான். அவள் கர்மேல் மலைக்கு விரைகிறாள். வழியில் எதிர்ப்பட்ட கேயாசி, உனக்கும் புருஷனுக்கும் பிள்ளைக்கும் சுகமா என்று விசாரிக்கிறான். பிள்ளை பிணமாய்க் கிடக்க, அவள் சுகம் என்றே பதில் சொல்கிறாள். நம் ஆலய வாசலில் நான் ஒவ்வொரு ஞாயிறும் கைகுலுக்கி விசாரிக்கும்போது எனக்குக் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் இதுதான். விசாரிப்பவன் நின்று கேட்பான் என்ற நம்பிக்கை இருந்தால் ஒழிய, மனிதர் உண்மையைச் சொல்வதில்லை. அவள் எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டபோது கேயாசி அவளை விலக்கப் போகிறான். எலிசாவோ, அவள் ஆத்துமா துயரத்தில் இருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு மறைத்தார் என்ற கருத்தில் பேசி அவனைத் தடுக்கிறான். தீர்க்கதரிசி தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற இடம் அது. எத்தனை போதகர்கள் அப்படி ஒத்துக்கொள்கிறோம்?

பிறகு கேயாசி தடியோடு ஓடுகிறான். பிள்ளையின் முகத்தின்மேல் அதை வைக்கிறான். சத்தமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. திரும்பி வந்து, பிள்ளை விழிக்கவில்லை என்று அறிவிக்கிறான். நான் கேயாசியைக் குறைசொல்லமாட்டேன். எஜமான் சொன்னதைத்தான் அவன் செய்தான். ஆனால் எலிசா வந்தபோது வேறு விதமாய்ச் செய்தான். உள்ளே போய்க் கதவைப் பூட்டினான். ஜெபித்தான். ஜெபித்ததோடு நிற்கவில்லை. தன் வாயும் கண்ணும் கையும் பிள்ளையின்மேல் படும்படி குனிந்து கிடந்தான். குளிர்ந்திருந்த உடம்பில் அனல் வந்தது. எழுந்து வீட்டில் அங்கும் இங்கும் ஒருதரம் உலாவினான். மறுபடியும் போய்க் குனிந்தான். மனநோயை மரணத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அது மருந்தும் உதவியும் கிடைத்தால் தணியக்கூடிய நோய். நான் சொல்வது என்னைப் பற்றி. நான் அந்தப் பையனின் முகத்தின்மேல் ஒரு வசன அட்டையை வைத்துவிட்டுத் திருமண ஓலைக்குத் திரும்பிப் போனேன்.

இந்த நினைவோடுதான் அந்த மகளுக்குச் சான்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டதும் இதனால்தான். அவள் போகவேண்டிய இடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அவளை வாழ்த்தி அனுப்பும் தகுதி எனக்கு உண்டா என்பதில்தான் சந்தேகம்.

சனிக்கிழமை இருவரும் மறுபடியும் வந்தார்கள். நான் மகளிடம், அங்கே நீ என்னதான் செய்வாய், உன் அம்மாவுக்கு முன்பாகவே சொல் என்றேன். அவள் பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து விரித்தாள். முதல் இரண்டு வாரம் கவனிப்பது மட்டும், ஆலோசனை சொல்லவே கூடாது. பிறகு மேற்பார்வையாளருடன் உட்கார்ந்து பிள்ளையின் வரலாற்றைக் கேட்டெழுதுவது: தூக்கம், சாப்பாடு, பள்ளி, வீடு, நண்பர்கள். அதன் பின்னரே தனியாக ஒரு பிள்ளையுடன் அமர்வு. ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளருக்கு முன்பாக, தான் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வாசிக்கவேண்டும். இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். ஏன் ஐயா என்றாள். சிவப்பு மை வைத்திருப்பார்களா என்று கேட்டேன்.

தாய் ஒரு கேள்வி கேட்டார்கள். "சாகணும்னு நெனைப்பு இருக்கான்னு பிள்ளைங்ககிட்ட நேராவே கேப்பியாமே. இல்லாத நெனைப்ப நீயே உண்டாக்கிரமாட்டியா?" நம்மில் அநேகருக்கு இந்தப் பயம் உண்டு. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதை இத்துறையினர் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஒருவராவது கேட்டாரே என்று பல பிள்ளைகளுக்கு ஆறுதலே வருகிறது. மகள் இதைச் சொன்னபோது, வாசற்படியில் திரும்பிப் பார்த்த ஒரு முகம் என் கண்முன் வந்தது.

கதவைப் பூட்டுவதைப் பற்றியும் அவள் சொன்னாள், எலிசாவை நினைத்துச் சொல்லவில்லை என்றாலும். பிள்ளை சொல்வதைப் பெற்றோரிடம்கூடச் சொல்லமாட்டாள். ஆனால் அந்தப் பூட்டுக்கு எல்லை உண்டு என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடவேண்டும். அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்லியாகவேண்டும். யாராவது அவனைப் பாலியல் முறையில் துன்புறுத்தினால், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிவித்தே தீரவேண்டும். பின்னால் சொல்லி ஏமாற்றுவதைவிட முன்னால் சொல்வதே நேர்மை என்றாள். சபைகளிலும் இந்த ஒழுங்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நம்மிடம் இரகசியம் என்பது ஒன்று ஜெபக்குறிப்பாக ஊரெல்லாம் போகிறது, அல்லது மூடவேண்டாத இடத்திலும் மூடிக்கிடக்கிறது.

தாயின் மனதில் இருந்த மருத்துவமனை, கம்பிகளும் சங்கிலியும் உள்ள ஒன்று. பழைய திரைப்படங்களில் பார்த்தது. இன்றைய சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாது, பெற்றோரோ பொறுப்பானவரோ பிள்ளையுடன் கூடவே தங்கவேண்டும் என்கிறது. சட்டம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. இதை நான் சொன்னபோது அந்த அம்மா சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேலூர் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன ஐயா மனநோய்?" என்று இன்னும் கேட்டார்கள். மனநலக் குறைபாடுகளில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் நமக்கு முன்பாக உட்கார்ந்திருக்கிற வயதுதான் அது.

ஆனால் அவர்கள் உள்ளத்தில் இருந்த கடைசிப் பயம் வேறு. நல்லெண்ணமுள்ள ஒரு சகோதரி, அந்த இடத்து அசுத்த ஆவிகள் பிள்ளையைப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்களாம். எனக்கு வருத்தமாயிருந்தது. நம் ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார். பிரேதக் கல்லறைகளில் குடியிருந்தவனைத் தேடி அக்கரைக்குப் போனார். தீட்டுப்படுவோம் என்று அவர் எங்கும் விலகவில்லை. அவருடைய பிள்ளைகள் துன்பப்படும் சிறுவர்கள் இருக்கும் அறைக்குள் போனால் ஆவி பற்றிக்கொள்ளும் என்று சொல்லுகிற விசுவாசம், எந்த விசுவாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்கிற இளம் உள்ளம் களைத்துப்போகும். நம் சொந்தக் காயங்கள் கிளறப்படும். எலிசாவே நடுவில் எழுந்து உலாவினான். மேற்பார்வை என்பது அதற்காகத்தான். மேற்பார்வை இல்லாத இடத்தில் பயிற்சிக்குப் போகாதே என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மூன்று நாள் கருத்தரங்கில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கவுன்சலர் என்று பெயர்ப்பலகை மாட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள், திருச்சபைகளிலும்தான். அவர்களைக் கண்டிக்க எனக்கு வாய் இல்லை. பலகை மாட்டாமலேயே நானும் இத்தனை ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

கடிதத்தை அங்கேயே எழுதிக் கையில் கொடுத்தேன். அவள் குடும்பம், பழக்கவழக்கம், சபை ஈடுபாடு எல்லாம் எழுதி, இறுதியில், இந்தப் பிள்ளைகளை இவள் சுகவாழ்வுக்குள் நடத்துவாள் என்று நம்புகிறேன் என்று முடித்திருந்தேன். அவள் வாசித்துவிட்டு, தயங்கி, "ஐயா, இந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரலாமா?" என்றாள். ஏன் என்றேன். "அங்க நான் கத்துக்கத்தானே ஐயா போறேன்." நான் கடிதத்தை வாங்கி, கிழித்துவிட்டு, புதிதாக எழுதினேன்.

இப்போது ஐந்தாவது வாரம் நடக்கிறது. ஞாயிறன்று ஆலயத்தில் பார்க்கும்போது களைப்பாகத் தெரிகிறாள். அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஒருமுறை மட்டும், பயிற்சி முடிந்து கிளம்பும் நாளைப் பிள்ளைகளிடம் மூன்று வாரம் முன்னதாகவே சொல்லவேண்டுமாம், அதுதான் தனக்கு மிகவும் கடினமாயிருக்கும் என்று சொன்னாள். இடம் மாற்றப்பட்டுச் சேகரங்களை விட்டுப் போனபோதெல்லாம் நான் பிரியாவிடைப் பிரசங்கம் செய்திருக்கிறேன். என்னிடம் பாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடமாவது தனியாக உட்கார்ந்து, நான் போகிறேன் என்று சொன்னதாக நினைவில்லை.

அந்தப் பையன் இன்று ஒரு வாலிபர். வேலை செய்கிறார். மருந்து சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், பின்னர் மருத்துவர் நிறுத்தினார். இதை எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வசன அட்டை இன்னும் தன்னிடம் இருக்கிறது என்றார். எந்த வசனம் என்று எனக்கு நினைவில்லை. கேட்கவும் துணிவில்லை.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, இப்படிப்பட்ட பாரம் இருக்குமானால் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிமுதல் ஏழு மணிவரை என் அறையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. முதலில் பிள்ளையிடம் கேட்பேன். ஜெபிப்பேன். மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் சொல்லுவேன், கூடவே பேருந்தில் வருவேன். நள்ளிரவில் நெருக்கடி என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலும் பேசலாம். அதற்குப் பிறகு எனக்கும் தகவல் சொல்லுங்கள், நேரம் பார்க்கவேண்டாம்.

சென்ற ஞாயிறு காலை, ஆராதனைக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்பாக, அந்தத் தாய் என் அறைக்கு வந்து ஒரு விண்ணப்பச் சீட்டைக் கொடுத்தார்கள். மகளுக்காக ஜெபிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. மருத்துவமனையில் பயிற்சி என்று முதலில் எழுதி, அந்த வார்த்தைகளுக்குமேல் வேறு மையில், மனநலப் பிரிவில் என்று சேர்த்திருந்தார்கள். "அப்படியே வாசிக்கட்டுமா அம்மா?" என்று கேட்டேன். "அப்படியே வாசிங்க ஐயா. அங்க இருக்கற பிள்ளைங்களையும் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.